உள்ளே நீளும் நடைகூடம்

அந்தப் படத்தில் முதலில் எனக்குப் பிடிக்காமல் போனது அதன் தரை. மற்றப் படங்களில் தரை என்றால் மனிதர்கள் நிற்பதற்கு ஒரு இடம், அவ்வளவுதான். இந்தத் தரை சும்மா கிடக்கவில்லை. பாய் விரித்த ஒரு நடைகூடம், படத்தின் கீழ் விளிம்பில் அகலமாகத் தொடங்கி, இரண்டு பக்கத் தூண்களையும் மேலேயிருந்த உத்தரங்களையும் கூட்டிக்கொண்டு குறுகிக் குறுகி உள்ளே போனது. முடிவில் ஒரு திறந்த வாசல். வாசலுக்கு அப்பால் ஆறு, வளைந்த பாலம், அதற்குப் பின்னால் மலைகள். வாசலில் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரக்கட்டையில் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றியெடுத்த பழைய ஜப்பானிய அச்சுப்படம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கலியாணமாகி மெல்பேர்னுக்கு வந்த நாங்கள், கிளென் வேவர்லிக்குப் போகும் ரயில் பாதையோரம் ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். முன்பகுதியில் வீட்டுக்கார அம்மா தனியே இருந்தார். வெள்ளைக்காரி, கணவரை இழந்தவர், எங்களைப் பார்த்து முகம் சுளிக்காதவர். நான் மீன்குழம்பு வைக்கும் நாட்களில் மட்டும் ஒன்றும் பேசாமல் யன்னலைத் திறந்துவிடுவார். சமைக்கும் குசினி இரண்டு பகுதிக்கும் பொது. எங்கள் அறையிலிருந்து அங்கே போவதென்றால் வெளிச்சம் குறைந்த ஒடுங்கிய நடை ஒன்றைக் கடக்கவேண்டும். படம் அந்த நடையின் சுவரில், என் கண்மட்டத்தில் தொங்கியது.

நான் ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தீற்றி, சாயம் போட்டு, மைக்கிரஸ்கோப்பில் பார்த்து, என்ன தெரிகிறது என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. நான் எழுதியதை நம்பி ஒரு டொக்டர், நான் முகம் பார்த்திராத ஒருவருக்கு மருந்து கொடுப்பார். ஆகவே இந்த ஊரில் விற்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சரக்கு, நான் கண்டேன் என்றால் அது அங்கே இருக்கிறது என்பதுதான். பேய், பிசாசு, கண்ணூறு ஒன்றுக்கும் என்னிடம் இடமில்லை. மாமி கையில் கட்டச்சொல்லித் தந்துவிட்ட மந்திரித்த நூலை நான் சூட்கேசுக்குக் கட்டிவிட்டேன்.

அப்படிப்பட்டவளுக்குத்தான், இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு பின்னேரம், அந்த நடைகூடம் திறந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் சின்ன யன்னல் அளவுக்கு ஓட்டை விழுந்தது போலவும், அந்த ஓட்டைக்குள் நடைகூடம் உண்மையாகவே நீண்டு கிடப்பது போலவும் இருந்தது. தூண்களுக்கு இடையில் காற்று இருந்தது. முதல் தூணுக்குப் பின்னால் கையை விட்டு இரண்டாவது தூணைத் தொடலாம். நான் கையை நீட்டியும்விட்டேன். நான் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே விரல்கள் குளிர்ந்த கண்ணாடிச் சட்டத்தில் முட்டின. தேத்தண்ணி பாதி கம்பளத்தில்.

சத்தம் கேட்டு வந்த வீட்டுக்கார அம்மா கம்பளத்தைப் பார்க்கவில்லை. என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"உள்ளே போயிற்றா?"

நான் தலையாட்டினேன்.

"என் கணவருக்கும் அப்படித்தான். வேலை முடிந்து வந்தால் இந்த இடத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. எனக்கு அது தாளும் மையும்தான்." துணி எடுக்கப் போனவர் பாதியில் நின்றார். "அந்தப் பெண் கொஞ்சம் கிட்ட வந்திருக்கிறாள் என்று சில நாட்களில் சொல்வார். நான் அதற்கு மேல் கேட்பதில்லை."

அவர் இதைப் பால்காரன் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

என் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, அந்தப் படம் உள்ளுக்குப் போகுது."

"எங்கை போகுது?"

"சுவருக்குள்ளை. விளையாட்டில்லை."

"நல்லது. வாடகை கூட்டாமல் ஒரு அறை கூடக் கிடைச்சிருக்கு."

அவர் வீதி கட்டும் ஒரு கம்பனியில் படவரைஞர். நாள் முழுக்கச் சாய்வு மேசையில் கோடு போடுகிறவர். என்னைவிடப் பெரிய சந்தேகப்பிராணி. ஆனால் தொழில் ஆசை சும்மா விடுமா? அடுத்த சனிக்கிழமை என் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூலையும் ஒட்டுநாடாவையும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கார அம்மாவிடம் அனுமதி கேட்டு, படத்தின் கண்ணாடி மேல் வேலையைத் தொடங்கினார். பாயின் விளிம்பு வழியாக ஒரு நூல், உத்தரத்தின் விளிம்பு வழியாக ஒரு நூல், தூண்களின் அடியை இணைத்து ஒன்று. எல்லா நூலும் சரியாக ஒரே இடத்தில் சந்தித்தன. அந்த இடம், வாசலில் நின்ற பெண்ணின் பிடரி.

"இது எங்கட கந்தோர் வேலை" என்றார் மகிழ்ச்சியோடு. "பெர்ஸ்பெக்டிவ். தட்டைத் தாளிலை தூரம் காட்டுற ஐரோப்பாக்காரன்ரை கணக்கு. இவங்களுக்கு இது எப்பிடிக் கிடைச்சது தெரியுமோ? ஒல்லாந்தன்ரை கப்பலிலை வந்த படங்களையும் புத்தகங்களையும் பாத்துப் பழகினவங்கள்."

அலுவலகத்துக்குக் கந்தோர் என்ற சொல்லை எங்கள் ஊருக்கு விட்டுப்போன அதே ஒல்லாந்தர், டச்சுக்காரர். எங்களுக்குச் சொல்லையும் கோட்டையையும் விட்டார்கள், ஜப்பான்காரருக்கு இந்த வித்தையை. இந்த மாதிரிப் படங்களை அந்த நாட்டில் மிதக்கும் படம் என்பார்களாம். முன்பக்கம் தாளிலிருந்து மிதந்து எழும்பி, பின்பக்கம் ஆழத்துக்குப் போய்விடும். இதை வீட்டுக்கார அம்மா சொன்னார். கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாம்.

என் கணவர் பிறகு வாசலுக்கு வெளியே போனார். பாலத்தின் விளிம்பில் ஒரு நூல், ஆற்றங்கரையில் ஒரு நூல். இவை ஒன்றும் சந்திக்கவில்லை. ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஒவ்வொரு பக்கம் போனது. வெளியே தூரம் என்பதற்கு வேறு முறை: தூரத்தில் இருப்பதை மேலே அடுக்கு, அதற்கும் தூரத்தில் இருப்பதை இன்னும் மேலே அடுக்கு.

"வீட்டுக்கு வெள்ளைக்காரன்ரை கணக்கு, வெளிக்குத் தங்கடை கணக்கு" என்றார். "நாங்கள் வேலைக்குக் கால்சட்டை போட்டுட்டு வீட்டை வந்து சாரம் கட்டுற மாதிரி. ஆனா இஞ்சை பாரும், இந்த மனிசியிலை ஒரு பிழை இருக்கு. வெளிக் கணக்கிலை கீறின ஆளை வீட்டுக் கணக்குக்குள்ளை நிப்பாட்டியிருக்கிறான். அந்த வாசலிலை நிக்கிற ஆள் இந்தளவு உயரம் இருக்கேலாது."

"அப்ப?"

"ஒண்டில் அவள் ராட்சசி. இல்லாட்டி வாசலிலை நிக்கேல்லை." ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "கணக்குப்படி நடைகூடத்திலை பாதி வழி வந்திட்டாள்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எனக்கு அவள் அப்படித்தான் தெரிந்தாள். நான் ஒவ்வொரு பின்னேரமும் பார்க்கும்போது வாசல் வெகு தூரத்தில் இருந்தது. அவள் அங்கே இல்லை. வெறும் நடைகூடத்தின் நடுவில், பாய் மேல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகைக் காட்டுகிறவள் எங்களை நோக்கி எப்படி வருவாள் என்று அறிவு கேட்டது. பின்பக்கமாக நடந்து வருவாள் என்று வேறொன்று பதில் சொன்னது.

அதோடு வேறு சங்கதிகளும் தொடங்கின. மனிதர்கள் திடீர் திடீரென்று முளைத்தார்கள். குசினியில் தனியே நிற்பேன். பார்த்தால் வீட்டுக்கார அம்மா என் தோளருகே நிற்பார். கதவு திறந்த சத்தத்தைத் தண்ணீர்க் குழாய் விழுங்கியிருக்கும், ஆனால் ஆளாவது வரும் வழியில் தெரியவேண்டாமா? ரயிலில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அடுத்த கணம் அங்கே ஒரு ஆண் பேப்பர் விரித்துக்கொண்டிருப்பான். தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினேன். படி முடிந்த இடத்தில் இன்னொரு படிக்குக் காலை வைத்தேன். கதவு நிலை என்னை அடித்தது, அதுவும் எப்போதும் ஒரே தோளில். ஒருநாள் என் கணவர் நீட்டிய உப்புப் போத்தலை வாங்கப்போய்க் காற்றைப் பிடித்தேன்.

"என்னப்பா, பிள்ளையோ?" என்று கேட்டார் அவர், நம்பிக்கையோடு.

"பிள்ளையுமில்லை, கொள்ளியுமில்லை" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

வேலையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. இங்கே என் தொழிலின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் படித்த காலத்து மைக்கிரஸ்கோப்புக்கு ஒரு குழாய்தான். வலது கண்ணைக் குழாயில் வைக்கவேண்டும். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். மத்தியானத்துக்குள் தலையிடி வந்துவிடும். மூடக்கூடாது. இடது கண் திறந்தே இருக்கும், ஆனால் அது பார்ப்பதை மூளை வாங்கக்கூடாது. அதற்கு ஒரு பயிற்சி உண்டு. என் வகுப்பில் அந்தப் பழக்கம் எல்லோருக்கும் முதல் எனக்குத்தான் படிந்தது. இடது பக்கத்தில் ஒரு விளக்கை ஆட்டினாலும் எனக்குத் தெரியாது என்று பெருமை பேசியிருக்கிறேன். மெல்பேர்ன் ஆய்வுகூடத்தில் இரட்டைக் குழாய்க் கருவிகள் வந்துவிட்டன. நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன், இரண்டு குழாயும் சேர்ந்து ஒரு படமாகவில்லை. கருவி சரியில்லை என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த பழைய ஒற்றைக் குழாய்க்கே திரும்பிவிட்டேன். கூட வேலை செய்தவர்கள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டும், என் முடிவுகள் சரியாக இருந்தன.

சரியாக இருந்தனவா? அந்தக் கேள்விதான் என்னைத் தின்றது. இல்லாத ஆழம் ஒருத்திக்குத் தெரிகிறது, இருக்கிற மனிதர் தெரிவதில்லை. அவள் ஒரு குழந்தையின் இரத்தத்தைப் பார்த்து, இதில் கெட்டது ஒன்றுமில்லை என்று கையெழுத்து வைத்தால்? பார்த்த தகடுகளைத் திரும்பப் பார்க்கத் தொடங்கினேன். பார்த்ததைத் திரும்பப் பார்ப்பதும் அதே கண்தானே என்று நினைத்து மூன்றாம் முறையும் பார்ப்பேன். எனக்குப் புத்தி பேதலிக்கிறது என்று நம்பத் தொடங்கினேன். ஊரில் எங்கள் சொந்தத்துக்குள் ஒருத்தி இருந்தாள், சுவரோடு பேசுகிறவள். அவளை ஒரு அறையில் வைத்துச் சாப்பாட்டை யன்னலால் கொடுத்தார்கள். அவள் முகம் எனக்கு அடிக்கடி வந்தது.

பொழுது பட்ட பிறகு அந்த நடையால் போவதை விட்டேன். போகவேண்டி வந்தால் படத்துக்கு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அப்படிப் போகும்போது படத்துப் பெண் இருந்த பக்கம் முழுவதும் எனக்கு வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைதான் எல்லாவற்றிலும் மோசம்.

வேலையை விடப்போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரிடம் சொன்னேன். என் தலை சரியில்லை, யாரையாவது கொன்றுவிடுவேன் என்று அழுதேன். அவர் கேலியெல்லாம் அன்றோடு நின்றது. என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தார். அங்கே வீட்டுக்கார அம்மா ஸ்கோன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தவர் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

என் கணவர் நேரடியாகவே கேட்டார், உங்கள் கணவருக்கு மனநோய் ஏதும் இருந்ததா என்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

"இல்லை. நல்ல தெளிவான மனிதர். கடைசி வருத்தம்கூட நெஞ்சில்தான். யுத்தம் முடிந்த பிறகு ஜப்பானுக்குப் போன படையில் இருந்தார். வெடிக்காமல் கிடந்த குண்டுகளை அழிக்கிற வேலை. அங்கேதான் கண் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விட்ட அன்று ஒரு கடையில் இந்தப் படத்தைக் கண்டு வாங்கினாராம்."

"கண்ணோ?" என்றார் என் கணவர் தமிழில். பிறகு சுதாரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு கண் கண்ணாடியால் செய்து வைத்தது. நான் சொல்லவில்லையா? நல்ல வேலைப்பாடு. யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்."

என் கணவர் எழுந்து நடைக்குப் போனார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். வெளியே வெயில் அடித்தது, குசினிக் கதவால் வெளிச்சம் நடை முழுக்க வந்தது. அவர் படத்துக்கு நேரே நின்று, கந்தோரில் கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது போல ஒரு கண்ணை மூடினார். அப்படியே நின்றார்.

"உள்ளுக்குப் போகுது" என்றார் மெதுவாக. கண்ணைத் திறந்தார், திரும்ப மூடினார். "ரெண்டு கண்ணாலை பாத்தா அது கடதாசி எண்டு ஒரு கண் மற்றக் கண்ணுக்குக் காட்டிக் குடுத்திடுது. ஒண்டைப் பொத்தினா காட்டிக் குடுக்க ஆளில்லை. இந்தக் கணக்கே ஒரு கண்ணுக்குப் போட்ட கணக்குத்தான். அந்த மனிசி... ஓம், பாதி வழி வந்திட்டாள்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை, வெறும் கணக்கு. அந்த ஒரு நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போதும் நினைவிருக்கிறது.

"ஆனா நான் கண்ணைப் பொத்திறதில்லையே" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இடது கண்ணைப் பொத்திப் பாரும்."

பொத்தினேன். நடைகூடம் அப்படியே கிடந்தது. "ஒரு வித்தியாசமும் இல்லை. எப்பவும் போலத்தான். உங்கடை சாத்திரம் எனக்குப் பலிக்காது."

"ஒரு வித்தியாசமும் இல்லையோ?"

"இல்லையெண்டுறன்."

"சரி. கையை எடும். இப்ப வலது கண்ணைப் பொத்தும்."

பொத்தினேன். எங்கும் இருட்டிப்போனது. ஒரு ஓரத்தில் மட்டும் அழுக்குச் சாம்பலாக ஏதோ கொஞ்சம் இருந்தது.

"ஏன் கதவைச் சாத்தினீங்கள்?" என்று கேட்டேன்.

அந்த இருட்டுக்குள் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். வெயில் அப்படியே இருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. என் கணவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

இடது கண்ணுக்குப் பின்னால், பார்வை நரம்பின் மேல் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், மாதக்கணக்காக அந்த நரம்பை நெரித்திருக்கிறது. எத்தனையோ பேருக்கு ஒரு கண் போவது இப்படித் தெரியாமலே போகுமாம், டொக்டர் சொன்னார். என் விஷயத்தில் இடது கண் பார்க்காமல் இருப்பதற்கு நானே அதைப் பழக்கியிருந்தேன். அது பார்க்காமல் போனபோது, வேலையில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கண்ணின் நரம்புகளும் உள்ளே ஓரிடத்தில் சந்திக்கின்றன. கட்டி அந்த இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்றார்கள். அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் வலது கண்ணும் போயிருக்கும்.

தலையைத் திறந்து எடுத்தார்கள். இடது கண் திரும்பவில்லை. வலது கண் எனக்கு மிஞ்சியது. தலைமுடி முளைத்ததும் வேலைக்குத் திரும்பினேன். அந்தப் பழைய ஒற்றைக் குழாயை யாரும் தூக்கி எறிந்திருக்கவில்லை. என் பழைய தகடுகளை எடுத்து வேறொருவரைக்கொண்டு பார்க்கவைத்தேன். பிழை ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்குத்தான் நன்றாக நித்திரை வந்தது.

வீட்டுக்கார அம்மாவைப் பற்றி ஒன்று. நான் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு ஒரு பின்னேரம், நடையில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடந்து போனதை அவர் காணவில்லை. நானும் கூப்பிடவில்லை.

எல்லாக் கட்டியையும் எடுக்க முடியவில்லை என்று அவர்கள் அப்போதே சொல்லியிருந்தார்கள். நரம்போடு ஒட்டிக்கிடந்த ஒரு சின்னத் துண்டை விட்டுவிட்டார்கள். அது சும்மாவும் கிடக்கலாம், வளரவும் வளரலாம். வருடாவருடம் பார்க்கிறார்கள். அது இதுவரை சும்மா கிடக்கிறது. ஆனால் எனக்குப் பக்கத்தில் படுக்கிற மனிதர் டொக்டர்மாரை நம்புகிறவர் அல்ல. அன்று தொடங்கி இன்றுவரை, காலையில் நான் புரண்டு படுத்தால் போதும், கண் திறப்பதற்கு முன்னாலேயே அவர் குரல் வரும்.

"தெரியுதோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டுத்தான் நான் கண்ணைத் திறக்கிறேன்.